டெல்டா வீட்டுச் சமையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்கும் ஆடுதுறைக்கும் நடுவில் ஒரு கிராமம் எங்களுடையது. கல்யாணமாகிப் போன பெண்கள், வெளியூரில் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் பையன்கள், எதிர் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். பதில்களில் பாதி என் அம்மாவும் மாமியாரும் சொன்னவை. மீதி பக்கத்து வீட்டு மாமியிடமும் நாகப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்ட என் அத்தையிடமும் கற்றுக்கொண்டவை.

அளவு சரியாகத்தான் போட்டேன். ஆனாலும் சோறு குழைந்துவிட்டது. ஏன்?

முதலில் நான் கேட்பது, அது எந்த மாதத்து அரிசி என்றுதான். ஒரே ரக அரிசிக்குத் தை மாதத்தில் ஒரு தண்ணீர், அடுத்த ஐப்பசியில் வேறு தண்ணீர்.

எங்கள் பக்கம் குறுவை புரட்டாசி, ஐப்பசியில் அறுவடையாகும். சம்பாவும் தாளடியும் தை, மாசியில் வரும். அறுத்த சூட்டோடு அரைத்த அரிசி, வெந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நாளாக ஆக அரிசி உள்ளுக்குள் இறுகும். இறுகிய அரிசி அதிகத் தண்ணீரைக் குடிக்கும், நன்றாக நீளும், ஆனால் ஒட்டாது. ஆறு மாதமாவது ஆன அரிசிதான் தினசரிச் சோற்றுக்கு நல்லது. ஒரு வருடம் ஆனது இன்னும் நல்லது.

என் கல்யாணமான முதல் வருடம், ஐப்பசியில் விருந்தாளிகள் பத்துப் பேர் வந்திருந்தார்கள். புதுக் குறுவை அரிசியை, பழைய அரிசிக்கு வைக்கிற அதே தண்ணீரில் குக்கரில் வைத்துவிட்டேன். திறந்தால் கஞ்சி. மாமியார் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தச் சோற்றில் தயிரும் பாலும் விட்டுப் பிசைந்து, கடுகும் இஞ்சியும் தாளித்துத் தயிர்சாதமாக்கினார். வேறு அரிசியை உலையில் போட்டு வடித்தார். அன்று முதல் எங்கள் வீட்டு அரிசி டின்னில் அறுவடை மாதத்தைச் சாக்பீஸால் எழுதி வைக்கிறோம்.

குக்கருக்கு நான் வைக்கும் தண்ணீர் இது. புதுப் பச்சரிசி ஒரு டம்ளருக்கு இரண்டு டம்ளருக்குச் சற்றுக் குறைவு. பழைய பச்சரிசிக்கு இரண்டரை. பழைய புழுங்கலரிசிக்கு மூன்று. சந்தேகமாக இருந்தால் குக்கரை விட்டுவிட்டு வடித்துவிடுங்கள். வடிக்கும்போது தண்ணீர் கூடிப்போனது என்ற பேச்சே இல்லை. ஒரு பருக்கையை இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கிப் பாருங்கள். உள்ளே ஊசிமுனை அளவு வெள்ளை தெரியும்போதே சிப்பலைப் போட்டுக் கஞ்சியை வடித்துவிட வேண்டும். மிச்ச வேக்காட்டைப் பானைச் சூடு பார்த்துக்கொள்ளும். வெள்ளையே தெரியாத வரை காத்திருந்தால் அது தாமதம்.

அப்படியானால் புது அரிசியை என்ன செய்வது?

பொங்கல் வையுங்கள். குழைய வேண்டிய எதற்கும் புது அரிசிதான் ருசி. சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், குழந்தைக்குப் பருப்புச் சாதம், காய்ச்சல்காரருக்குக் கஞ்சி எல்லாவற்றுக்கும் அது நல்லது. தைப்பொங்கலுக்குப் புது அரிசி போடுவது வழிபாட்டுக்காக. அந்த அரிசி பாலிலும் வெல்லத்திலும் குழைகிற மாதிரி பழைய அரிசி குழையாது என்பதையும் சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன்.

புளியோதரை, எலுமிச்சை சாதம், பிரியாணி மாதிரி உதிரியாக வேண்டியவற்றுக்குப் பழைய அரிசி. சீரகச்சம்பா என்றால் இருபது நிமிடம் ஊறினால் போதும். அதற்கு மேல் ஊறினால் கிளறும்போது உடையும்.

இட்லி பஞ்சு மாதிரி வரவில்லை. அரிசியை மாற்ற வேண்டுமா, உளுந்தையா?

பெரும்பாலும் உளுந்துதான் காரணம். எங்கள் பக்கம் சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற கதிருக்கு நடுவிலேயே வயல் ஈரத்தில் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்த பிறகு மிஞ்சிய ஈரத்திலும் பனியிலும் அது வளரும். பங்குனி, சித்திரையில் கைக்கு வரும். அந்தப் புது உளுந்தை அரைத்தால் ஆட்டுக்கல் நிறையப் பொங்கி வரும். அதே உளுந்து அடுத்த மார்கழியில் அவ்வளவு பொங்காது.

அதனால் புது உளுந்து என்றால் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்துக்குக் கொஞ்சம் குறைத்தே போடலாம். பழையது என்றால் ஒன்றேகால் பங்கு. அரிசி குண்டு ரகமாக இருக்கட்டும். எங்கள் ஊரில் சி.ஆர். 1009 என்ற நீண்ட நாள் சம்பா ரகத்தின் புழுங்கலரிசியைத்தான் இட்லிக்கு எடுத்து வைப்போம். சன்ன ரகத்தில் தோசை நன்றாக வரும், இட்லி அழுந்தும்.

கிரைண்டர் சூடானால் மாவு சரியாகப் பொங்காது. கோடையில் உளுந்தை ஊறவைத்த பாத்திரத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, அந்தக் குளிர்ந்த தண்ணீரையே தெளித்து அரையுங்கள். மார்கழியில் மாவுப் பாத்திரத்தை அடுப்புக்குப் பக்கத்தில் துணி சுற்றி வையுங்கள். உப்பைப் போட்டுக் கையால் நன்றாகக் கலந்து வைக்க வேண்டும். கரண்டியால் கலந்த மாவும் கையால் கலந்த மாவும் ஒன்றாக வருவதில்லை என்பது நான் பார்த்தது.

கும்பகோணம் கடப்பா வீட்டில் செய்தால் குருமா மாதிரி வந்துவிடுகிறது. எங்கே தவறு?

தக்காளியும் மிளகாய்த்தூளும் சேர்த்திருப்பீர்கள். கடப்பாவில் இரண்டும் கிடையாது. அது வெளுப்பாக இருக்க வேண்டும். காரம் முழுவதும் பச்சைமிளகாயிலிருந்து, புளிப்பு கடைசியில் பிழியும் எலுமிச்சையிலிருந்து, கெட்டித்தன்மை பாசிப்பருப்பிலிருந்து.

நாலு பேருக்கு நான் செய்வது: கால் டம்ளர் பாசிப்பருப்பைக் குழைய வேகவைக்க வேண்டும். இரண்டு உருளைக்கிழங்கைத் தனியாக வேகவைத்து உதிர்த்துக்கொள்ளுங்கள். மசித்துவிட வேண்டாம், வாயில் தட்டுப்பட வேண்டும். அரை மூடித் தேங்காய், பச்சைமிளகாய் ஐந்து, சோம்பு ஒரு தேக்கரண்டி, கசகசா ஒரு தேக்கரண்டி, பொட்டுக்கடலை ஒரு மேசைக்கரண்டி, பூண்டு மூன்று பல், சுண்டுவிரல் நுனி அளவு இஞ்சி. இவற்றை வெண்ணெய் மாதிரி அரைக்க வேண்டும். எண்ணெயில் பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை தாளித்து, ஒரு பெரிய வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்குங்கள். அப்புறம் அரைத்ததைப் போட்டுத் தண்ணீர் விட்டுப் பச்சை வாசனை போகக் கொதித்ததும் பருப்பும் கிழங்கும் சேர்த்து ஐந்து நிமிடம். இறக்கி வைத்த பிறகுதான் எலுமிச்சை. கொதிக்கும்போது பிழிந்தால் கசக்கும்.

ஆறினால் கெட்டிப்படும். அதனால் அடுப்பில் இருக்கும்போது சற்று நீர்க்கவே இருக்கட்டும். இட்லியை முழுக்காட்டுகிற பதம்.

வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். சிங்கப்பூருக்கும் ஐக்கிய அரபு அமீரகம், சவூதி போன்ற வளைகுடா நாடுகளுக்கும் கசகசா கொண்டுபோவது சட்டப்படி குற்றம். மசாலாப் பொட்டலத்துக்குள் ஒரு பிடிகூட வைத்து அனுப்பாதீர்கள். அங்கே இருப்பவர்கள் கசகசாவுக்குப் பதில் நாலு முந்திரி போட்டு அரைக்கலாம். வாசனையில் சின்ன வித்தியாசம், அவ்வளவுதான்.

பிட்லைக்கும் ரசவாங்கிக்கும் என்ன வித்தியாசம்?

இதைத் தஞ்சாவூர் ஜில்லாவில் இரண்டு வீட்டில் கேட்டால் மூன்று பதில் வரும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு மாமி. அவர் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன்.

பிட்லைக்குப் பாகற்காய். கத்தரிக்காயிலும் செய்வார்கள், ஆனால் பாகற்காயின் கசப்பும் புளியும் வறுத்த தேங்காயும் சேர்ந்து வரும் ருசி தனி. கால் கிலோ பாகற்காயை எலுமிச்சை அளவு புளிக்கரைசலில் மஞ்சள்தூளும் உப்பும் போட்டு வேகவிடுங்கள். புளித்தண்ணீரில் வெந்தால்தான் கசப்பு இறங்கும். முதல் நாள் இரவே ஊறவைத்து வேகவைத்த கறுப்புக் கொண்டைக்கடலை ஒரு பிடி. துவரம்பருப்பு அரை டம்ளர், குழைய வெந்தது. இரண்டு தேக்கரண்டி தனியா, ஒரு தேக்கரண்டி கடலைப்பருப்பு, ஆறு மிளகாய்வற்றல், அரைத் தேக்கரண்டி மிளகு, பெருங்காயம் இவற்றை எண்ணெயில் வறுத்து, கடைசியில் மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலைப் போட்டுச் சிவக்க வறுக்க வேண்டும். இந்தத் தேங்காயில்தான் எல்லாமே இருக்கிறது. பொன்னிறத்தில் நிறுத்தினால் அரைத்துவிட்ட சாம்பார் ஆகிவிடும். இன்னும் ஒரு நிமிடம் பொறுத்து, கருகுவதற்குச் சற்று முன்னால் எடுத்தால் பிட்லை. தேங்காய் எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால் முடிந்தது.

ரசவாங்கிக்குக் கத்தரிக்காய். புளி இதில் பாதிதான். மிளகு வேண்டாம். கடலைப்பருப்பு ஒரு பிடி முழுசாகத் தெரிய வேண்டும். தேங்காயைப் பச்சையாகவே அரைத்துச் சேர்ப்பார் மாமி. கூட்டு மாதிரி கெட்டியாக இருக்கும், சாதத்தில் பிசையவும் செய்யலாம், தொட்டுக்கொள்ளவும் செய்யலாம். மார்கழி, தையில் வரும் கத்தரிக்காயில் செய்து பாருங்கள். கோடையில் வருவதில் விதை முற்றியிருக்கும், அதில் செய்தால் ஏமாற்றம்தான்.

அதே பனிக்காலக் கத்தரிக்காயில் செய்ய வேண்டிய இன்னொன்று கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கத்துச் சிதம்பரம் கொத்சு. சின்னக் கத்தரிக்காயை நல்லெண்ணெயில் சுருள வதக்கி, மசித்து, புளியும் வறுத்து அரைத்த தனியா மிளகாய்ப் பொடியும் சேர்த்து எண்ணெய் பிரிய விடுவது. மிளகு சீரகம் போட்ட சம்பா சாதத்துக்கு அதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது.

ஆடிப்பெருக்குக்குக் கட்டிக்கொண்டு போகும் புளியோதரை சாயங்காலத்துக்குள் வறண்டுபோகிறது. என்ன செய்யலாம்?

ஆடி 18 அன்று ஆற்றங்கரைக்குப் போய், காதோலை கருகமணியும் காப்பரிசியும் வைத்துக் கும்பிட்டு, கரையிலேயே உட்கார்ந்து சித்திரான்னம் சாப்பிடுகிற வழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கவலை உண்டு. மேட்டூரில் ஜூன் 12 திறக்க வேண்டிய தண்ணீர் நேரத்தோடு வந்த வருடமும் உண்டு, மணலில் ஊற்றுத் தோண்டிக் கும்பிட்ட வருடமும் உண்டு. சோறு மட்டும் எல்லா வருடமும் கட்டிக்கொண்டுதான் போகிறோம்.

வறள்வதற்குக் காரணம், சோற்றுக்கு எண்ணெய் போதாதது. பழைய பச்சரிசியை உதிரியாக வடித்துத் தாம்பாளத்தில் கொட்டி, சூடு இருக்கும்போதே மஞ்சள்தூளும் பச்சைக் கறிவேப்பிலையும் இரண்டு கரண்டி நல்லெண்ணெயும் விட்டுப் பரப்புங்கள். முழுதாக ஆறிய பிறகு புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும். சூட்டில் கலந்தால் பருக்கை உடையும்.

புளிக்காய்ச்சல் அரைக் கிலோ அரிசிக்கு நூறு கிராம் புளி, நூறு மில்லி நல்லெண்ணெய். மிளகாய்வற்றல், கடலைப்பருப்பு, வேர்க்கடலை, பெருங்காயம் தாளித்துப் புளிக்கரைசலை ஊற்றி, எண்ணெய் மேலே மிதந்து கொப்புளம் தெறிக்கும் வரை சுண்டவிட வேண்டும். வறுத்த வெந்தயம், எள், தனியா பொடித்தது கடைசியில். புளியிலும் மாதம் பார்க்க வேண்டும். மாசி, பங்குனியில் வரும் புதுப்புளி செந்நிறமாக இருக்கும், காய்ச்சலும் வெளிறித் தெரியும். கல் உப்புப் போட்டு மண் ஜாடியில் ஒரு வருடம் வைத்த புளி கறுத்து, ருசி ஆழமாகிவிடும். புளியோதரைக்கும் வத்தக்குழம்புக்கும் பழைய புளி, ரசத்துக்குப் புதுப்புளி என்று இரண்டு ஜாடி வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் புளியைப் போட்டு வைக்காதீர்கள், அரித்துவிடும்.

திருவாதிரைக் களி கட்டி கட்டியாக வருகிறதே?

மார்கழியில் புதுக் குறுவை அரிசியில் செய்திருப்பீர்கள். களிக்குப் பழைய பச்சரிசி. ஒரு டம்ளர் அரிசியையும் இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பையும் தனித்தனியாகச் சிவக்க வறுத்து ரவையாக உடையுங்கள். ஒன்றரை டம்ளர் வெல்லத்தை மூன்று டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, தளதளவென்று கொதிக்கும்போது ரவையைத் தூவிக்கொண்டே கிளற வேண்டும். பாகு பிடிக்கும் அளவு வெல்லம் கெட்டியானால் அரிசி வேகாது. கூடவே ஏழுகறிக் கூட்டு. காய் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருந்தால் போதும்.

அசோகா செய்தால் நெய் பிரியாமல் கையில் ஒட்டுகிறது.

திருவையாற்றுக்காரர்கள் உலகத்துக்குக் கொடுத்த இனிப்பு இது. தியாகராஜர் ஆராதனைக்குப் போகிறவர்கள் பாட்டுக் கேட்டுவிட்டு, ஒரு பொட்டலம் அசோகாவும் வாங்கிக்கொண்டுதான் திரும்புவார்கள்.

ஒட்டுவதற்கு இரண்டு காரணம். ஒன்று, பாசிப்பருப்பில் தண்ணீர் மிச்சம் இருப்பது. அரை டம்ளர் பருப்பை வாசம் வர வறுத்து, ஒன்றரை டம்ளர் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரே தெரியாத விழுதாக மசியுங்கள். இரண்டாவது, கோதுமை மாவு பச்சையாக இருப்பது. கால் டம்ளர் மாவைத் தாராளமான நெய்யில் மணக்க மணக்க வறுக்க வேண்டும், அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பருப்பு விழுதை அடுப்பில் வைத்து ஒன்றேகால் டம்ளர் சர்க்கரையைப் போட்டால் இளகும். அது திரும்ப இறுகும்போது வறுத்த மாவைக் கொட்டி, நெய்யைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறுங்கள். மொத்தம் முக்கால் டம்ளர் நெய் பிடிக்கும். குறைத்தால் அது அசோகா இல்லை. விட்ட நெய்யைத் திரும்ப வெளியே விட்டதும் இறக்கிவிடலாம். வில்லை போடாதீர்கள். இலையில் தளர்ந்து விழுகிற பதம்தான் சரி.

ஆற்றுமீன், குளத்து மீனில் மண்வாசனை போக என்ன வழி?

தேங்கிய தண்ணீரில் வளரும் பாசியும் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஒரு பொருள் மீனின் சதையில் சேர்வதால் வரும் வாசனை அது. புளிப்பு அதை உடைத்துவிடும். விரால், கெளுத்தி, கெண்டை எதுவானாலும் கல் உப்பால் தேய்த்து வழவழப்பை எடுத்த பிறகு, புளித்த மோரிலோ புளித்தண்ணீரிலோ பத்து நிமிடம் ஊறட்டும். அலசிவிட்டு மஞ்சள்தூள் தடவி வைத்தால் போதும்.

நாகப்பட்டினத்து அத்தை இதைக் கேட்டால், கடல்மீன் இருக்கும்போது குளத்து மீன் எதற்கு என்பார். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம். அப்போது வரும் கடல்மீன் குறைவு, விலையும் ஏறும். அந்த மாதங்களில் அத்தை வீட்டிலேயே கருவாட்டுக் குழம்புதான், மாங்காய் போட்டு. மாங்காய் போட்டால் புளியைப் பாதியாகக் குறையுங்கள்.

மீன் குழம்பில் மீனைப் போட்ட பிறகு கரண்டி விடக் கூடாது. சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்.

டிகிரி காபிக்கு டிகாக்ஷன் நீர்த்துப் போகிறது.

டிகிரி என்ற பெயர், பாலை லாக்டோமீட்டரில் டிகிரி பார்த்து வாங்கியதால் வந்தது என்று சொல்வார்கள். முதல் டிகாக்ஷனைக் குறிப்பது என்றும் சொல்வார்கள். எப்படியானாலும் தண்ணீர் கலக்காத பாலும் முதல் டிகாக்ஷனும்தான் விஷயம். பொடியைப் பில்டரில் போட்டு லேசாகச் சமன் செய்தால் போதும், அழுத்தாதீர்கள், அதே நேரம் குலுக்கியும் வைக்காதீர்கள். கொதித்து அடங்கிய தண்ணீரை முதலில் பொடி நனையும் அளவுக்கு விட்டு ஒரு நிமிடம் கழித்து மீதியை ஊற்றுங்கள். பாலை ஒரு தடவைதான் காய்ச்ச வேண்டும். டிகாக்ஷனைச் சூடு பண்ணவே கூடாது.

வெளியூரில் இருக்கிறேன். கடையில் வாங்கும் அரிசிக்கு மாதம் எப்படித் தெரியும்?

மூட்டையில் தேதி இருந்தாலும் அது பொட்டலம் போட்ட தேதி, அறுத்த தேதி இல்லை. கண்ணால் பார்க்கலாம். புது அரிசி பளிச்சென்று வெள்ளையாக, கையில் அள்ளினால் மாவு ஒட்டும். பழையது லேசாகப் பழுப்பேறி, உள்ளங்கையில் தேய்த்தால் கலகலவென்று ஓடும். இரண்டு பருக்கையைப் பல்லில் கடித்துப் பாருங்கள். புதியது மாவாக உடையும், பழையது டக்கென்று தெறிக்கும்.

அப்படியும் தெரியவில்லையா? மூட்டை பிரித்த அன்று அரை டம்ளரை மட்டும் ஒன்றுக்கு இரண்டரைத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். குழைந்தால் மறுநாள் ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் என்ற கணக்கில் தண்ணீரைக் குறையுங்கள், விறைத்தால் அதே கணக்கில் கூட்டுங்கள். சரியாக வந்த அளவை மூட்டை மேலேயே எழுதிவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே மூட்டைக்கு இன்னும் கால் டம்ளர் தண்ணீர் தேவைப்படும், அதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.